பத்தியமும் பட்டினமும்: கொழும்புத் தமிழரின் உணவு மருத்துவம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

நாட்பட்ட நோய்களுக்கு மருந்தோடு உணவையும் மருத்துவரே எழுதிக் கொடுத்தல் வேண்டும் என்னும் கருத்து, இன்று மேலைநாட்டு மருத்துவ உலகிற் புதியதொரு கொள்கையாகப் பேசப்படுகின்றது. நீரிழிவு, உயர் குருதியமுக்கம், இருதய நோய் ஆகியவற்றால் வருந்துவோர்க்கு, அவர்கள் வாழும் நாட்டிலே விளையும் மரக்கறி, கீரை, பழம், தானியம் என்பவற்றை அளவு குறித்து விதிப்பதே அக்கொள்கையின் சாரம். தமிழ் மருத்துவ மரபை ஓரளவேனும் அறிந்தோர்க்கு இது புதியதன்று. மருந்து கொடுக்கும் வைத்தியர் 'பத்தியம்' சொல்லாமல் நோயாளியை அனுப்பிய காலம் நம்மிடையே இருந்ததில்லை.

எனினும், 'எம்மிடம் முன்னரே இருந்தது' என்று கூறி மனநிறைவு கொள்வது வரலாற்று ஆய்வாகாது. பத்தியம் எத்தகைய சமூகச் சூழலிற் பயன் தந்தது, அச்சூழல் மாறியபோது அதற்கு நேர்ந்தது யாது என்பவற்றை ஆராய்தலே பயனுடையது. கொழும்பு மாநகரின் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை ஆகிய பகுதிகளில் வாழும் தமிழ் மக்களை மனங்கொண்டு இவ்வினாவை இக்கட்டுரையில் நோக்குவோம்.

பத்தியத்தின் நிலைக்களம்

திருக்குறளில் 'மருந்து' என்னும் 95ஆவது அதிகாரத்தை நோக்குமிடத்து, அதிலுள்ள பத்துக் குறள்களுள் ஆறு, மருந்துச் சரக்குகளைப் பற்றிப் பேசாது உண்ணும் முறையையும் அளவையும் பற்றியே பேசுவதைக் காணலாம். அவ்வதிகாரத்தின் இறுதிக் குறள் மருத்துவத்துக்கு நான்கு உறுப்புகளை வகுக்கின்றது. நோயுற்றவன், நோயைத் தீர்ப்பவன், மருந்து ஆகிய மூன்றோடு, அருகிருந்து அம்மருந்தை ஆக்கி அளிப்பவன் நான்காம் உறுப்பாகக் கொள்ளப்படுகின்றான். இந்நான்காம் உறுப்பு நமது ஆய்வுக்கு இன்றியமையாதது. மருந்து உணவாக அமையுமிடத்து, அதனை விளைவிப்போரும் கொணர்வோரும் சமைப்போரும் இவ்வுறுப்பினுள்ளேயே அடங்குவர் எனக் கொள்வது பொருந்தும்.

சித்த மருத்துவ மரபில் உணவுப் பொருள்களின் குணங்களைக் கூறுவதற்கென்றே தனி நூல்கள் எழுந்தன. தேரையர் பெயரால் வழங்கும் பதார்த்த குண சிந்தாமணி அவற்றுள் ஒன்று. ஈழத்தில் யாழ்ப்பாண அரசர்தம் பட்டப்பெயர்களைத் தாங்கிய செகராசசேகரம், பரராசசேகரம் ஆகிய மருத்துவ நூல்கள் பரம்பரை வைத்தியர்களால் ஏடுகளாகப் பேணப்பட்டன. 20ஆம் நூற்றாண்டின் முதற் பாதியில் ஏழாலை ஐ. பொன்னையாபிள்ளை அவற்றை அச்சேற்றியதன் பயனாக அவை இன்றும் நமக்குக் கிடைக்கின்றன.

ஏட்டில் எழுதப்பட்ட பத்தியம் நடைமுறையில் நின்றது வீட்டு வளவிலேயாம். யாழ்ப்பாணத்து வேலியிலே முருங்கை நின்றது. கிணற்றடியில் வல்லாரையும் பொன்னாங்காணியும் படர்ந்தன. தோட்டத்தில் கத்தரிப் பிஞ்சும் அவரைப் பிஞ்சும் பாகலும் கிடைத்தன. மல்லி, மிளகு, சீரகம், மஞ்சள், வேர்க்கொம்பு, உள்ளி சேர்த்து அரைத்த சரக்குக் கறி, பிள்ளை பெற்ற தாய்க்கும் நோயிலிருந்து தேறுபவர்க்கும் உரியதெனத் தாய்மார் அறிந்திருந்தனர். வைத்தியர் வாயாற் சொன்னதை அன்று மாலையே அடுப்பில் ஏற்றக்கூடிய நிலை இருந்தது. பத்தியம் என்பது வைத்தியரின் அறிவு மட்டுமன்று. அதற்குரிய பொருளை அண்மையில் வைத்திருந்த ஒரு வாழ்க்கை முறையுமாகும். இவ்விரண்டனுள் முன்னதையே நம்மவர் பெரிதும் போற்றி வந்துள்ளனர். பின்னதை இயல்பாகவே உள்ளதெனக் கருதியமையால், அது அகன்றபோது அதன் இழப்பை உணரத் தவறினர்.

புழுங்கலரிசி புகட்டிய பாடம்

உணவே நோயை ஆக்கவும் தீர்க்கவும் வல்லது என்பதை நவீன விஞ்ஞானம் ஏற்றுக்கொண்ட வரலாற்றில் தமிழரின் புழுங்கலரிசிக்கு ஒரு சிறப்பான இடம் உண்டு. கால்கள் வலுவிழந்து, உடல் வீங்கி, இருதயம் சோர்ந்து மனிதரை மாய்க்கும் 'பெரிபெரி' என்னும் நோயின் பெயரே சிங்களச் சொல்லொன்றிலிருந்து பிறந்தது எனப் பலரும் கூறுவர். 1803ஆம் ஆண்டளவில் இலங்கையில் நிலைகொண்டிருந்த ஆங்கிலப் படையினரை இந்நோய் பெரிதும் வருத்தியது. அப்படைக்கு மருத்துவராயிருந்த தோமஸ் கிறிஸ்ரி, ஊட்டமுள்ள உணவின் குறைபாடே இதற்குக் காரணமாகலாம் எனக் கருதினார். அக்கருத்து நிலைநாட்டப்பட ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு சென்றது.

1890களில் யாவாவில் ஒல்லாந்த மருத்துவரான கிறிஸ்ரியான் எய்க்மன், தீட்டிய அரிசியை மட்டும் உண்ட கோழிகள் இதனையொத்த நோய்க்கு ஆளானதைக் கண்டார். அதே காலத்தையொட்டி மலாயாவில் மற்றுமோர் உண்மை புலப்பட்டது. ஆங்குத் தீட்டிய வெள்ளைப் பச்சையரிசியை உண்ட சீனத் தொழிலாளர் பெரிபெரியால் ஆயிரக்கணக்கில் மடிந்தனர். அவர்களோடு ஒரே நாட்டில், ஒரே வெயிலில் உழைத்த தமிழ்த் தொழிலாளரிடையே அந்நோய் அரிதாகவே காணப்பட்டது. அவர்கள் உண்டது புழுங்கலரிசி என்பதை மருத்துவர் பிரடன் சுட்டிக் காட்டினார். 1905இல் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் பிளெச்சர் என்னும் மருத்துவர், நோயாளிகளை இரு பகுதியினராகப் பிரித்து ஒரு பகுதியினர்க்குத் தீட்டிய பச்சையரிசியையும் மற்றப் பகுதியினர்க்குப் புழுங்கலரிசியையும் வழங்கினார். முதற் பகுதியினருள் 18 பேர் பெரிபெரியால் இறந்தனர். மற்றப் பகுதியினருள் ஒருவரேனும் அதனால் இறக்கவில்லை.

இதன் காரணம் பின்னரே விளங்கிற்று. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள உயிர்ச்சத்து பீ1 அரிசியின் உட்பகுதிக்குட் செல்கின்றது. பின்னர் ஆலையிலே தீட்டினாலும் அது முற்றாக நீங்குவதில்லை. பெயரறியாத உழவர் குடும்பங்கள் நெல்லின் சேமிப்பையும் குற்றும் வசதியையும் கருதிக் கைக்கொண்ட ஒரு பழக்கம், அவர்தம் சந்ததியினரைக் கடல் கடந்த நாட்டிலும் காத்தது. எய்க்மனுக்கு நொபெல் பரிசு 1929இல் வழங்கப்பட்டது.

மலாயாவின் அனுபவத்தில் நாம் கருத்திற் கொள்ள வேண்டியதொன்று உண்டு. அங்குத் தமிழ்த் தொழிலாளர் எவரும் வைத்தியரின் அறிவுரை கேட்டுப் புழுங்கலரிசியை உண்டவரல்லர். கிடைத்ததும் வாங்க முடிந்ததும் அதுவாகவே இருந்தது, எனவே உண்டனர். சீனத் தொழிலாளர் அறிவில் குறைந்தவருமல்லர். அவர்க்கு வழங்கப்பட்டதும் வழக்கமானதும் தீட்டிய அரிசியாக இருந்தது. ஒரு மக்கட் கூட்டத்தின் உடல்நலத்தை நிர்ணயிப்பதிற் புத்திமதியைவிட வழங்கல் முறையே வலியது என்னும் உண்மையை இதனினும் தெளிவாகக் காட்டும் சான்று அரிது.

வளவிலிருந்து வாடகை வீட்டுக்கு

கொழும்புத் தமிழரின் குடியிருப்புகளுள் கொட்டாஞ்சேனைப் பகுதி பழமையானது. துறைமுகத்தையும் செட்டியார் தெருவின் வணிகத்தையும் அண்டி வளர்ந்த இப்பகுதியில், வணிகரும் துறைமுகத் தொழிலாளரும், சைவரும் கத்தோலிக்கரும், தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் நெருங்கி வாழ்ந்தனர். அண்மையில் உள்ள கொச்சிக்கடையிற் பொன்னம்பல முதலியார் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் எழுப்பிய பொன்னம்பலவாணேசுவரர் ஆலயமும், கொட்டாஞ்சேனையின் புனித லூசியாள் பேராலயமும் அப்பழமைக்குச் சான்று பகர்வன. வெள்ளவத்தையின் தமிழ்க் குடியேற்றம், பெரும்பாலும் அரச உத்தியோகத்தையும் படிப்பையும் நாடித் தெற்கே வந்த யாழ்ப்பாணத்தவரால் 20ஆம் நூற்றாண்டில் விரிவடைந்தது.

இவ்விரு பகுதியினரும் ஊரை விட்டு வந்தபோது பத்திய அறிவைத் தம்மோடு கொண்டுவந்தனர். வளவைக் கொண்டுவர இயலவில்லை. அதன் இடத்தை நிரப்பியவை மூன்று எனலாம். ஒன்று புகையிரதம். வடபகுதிப் பாதை 1905இல் நிறைவுற்றது. 1956இல் யாழ்தேவி ஓடத் தொடங்கியது. ஊரிலிருந்து வருவோரின் பைகளிலும் பெட்டிகளிலும் முருங்கைக்காயும் ஒடியல் மாவும் மாம்பழமும் தலைநகரை அடைந்தன. இரண்டாவது சந்தை. மூன்றாவது, புறக்கோட்டைக் கபோஸ் ஒழுங்கையில் மருந்துச் சரக்கு விற்கும் கடைகள். எனவே கொழும்பில் பத்தியம் இயல்பாகக் கிடைக்கும் பொருளாக அன்றி, விலை கொடுத்தும் உறவினரை எதிர்பார்த்தும் பெறவேண்டிய பொருளாக மாறிற்று.

இக்காலத்தில் சுதேச மருத்துவம் அரச அங்கீகாரம் பெற்றமையும் குறிப்பிடத்தக்கது. 1929இல் பொறளையிற் சுதேச வைத்தியக் கல்லூரி நிறுவப்பட்டு, ஆயுர்வேதம், சித்தம், யுனானி ஆகிய மூன்றும் ஒரே கூரையின்கீழ்க் கற்பிக்கப்பட்டன. 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டம் இம்மருத்துவ முறைகளை ஒரு நிருவாகத்தின்கீழ்க் கொணர்ந்தது. 1977இல் அக்கல்லூரி கொழும்புப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த நிறுவனமாயிற்று. சித்த மருத்துவ உயர்கல்விக்கு 1984இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஓர் அலகு தோற்றுவிக்கப்பட்டது. கொழும்பு மாநகர சபையும் இலவச ஆயுர்வேத மருந்தகங்களை நடத்தி வருகின்றது. இவையெல்லாம் வைத்தியரையும் மருந்தையும் பேணிய ஏற்பாடுகள். நான்காம் உறுப்பாகிய உணவு வழங்கலைப் பேணும் ஏற்பாடு எதுவும் இவற்றோடு உடன் வளரவில்லை.

கூப்பனும் கோதுமை மாவும்

அதே காலத்தில் நாட்டின் உணவு முறை வேறொரு திசையிற் சென்றது. இலங்கை தனக்கு வேண்டிய அரிசியின் பெரும்பகுதியைப் பர்மா முதலிய நாடுகளிலிருந்து பெற்று வந்தது. 1942இல் யப்பானியர் பர்மாவைக் கைப்பற்றவே அவ்வரிசி நின்றது. பங்கீட்டு முறை புகுத்தப்பட்டது. கோதுமை மாவும் பாணும் ஏழை எளியோரின் அன்றாட உணவாயின. 1952இல் சீனாவுடன் செய்துகொண்ட றப்பர் - அரிசி ஒப்பந்தமும், பங்கீட்டரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டதையொட்டி 1953 ஓகஸ்ட் 12இல் நிகழ்ந்த ஹர்த்தாலும், இந்நாட்டு அரசியலில் கூப்பன் அரிசிக்கு இருந்த இடத்தை உணர்த்துவன.

1970 முதல் 1977 வரை இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் மிளகாயும் வெங்காயமும் பயிரிட்டுச் செழித்தது இக்காலத்திலேயாம். ஆயின் கொழும்பு வாசிகளின் நினைவில் இக்காலம் பாணுக்கு வரிசையில் நின்ற காலமாகவே பதிந்துள்ளது. மரவள்ளிக் கிழங்கு, வற்றாளைக் கிழங்கு, குரக்கன் ஆகியவற்றை மக்கள் விரும்பி உண்ணவில்லை, வேறின்மையால் உண்டனர். உள்நாட்டு உணவு என்னும் சொல் வறுமையோடும் கட்டாயத்தோடும் இணைந்துவிட்டது. 1977இன் பின் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டு, 1980இற் திருகோணமலையிற் பிறிமா மாவாலை இயங்கத் தொடங்கியபோது, கோதுமை உணவை மக்கள் விடுதலையின் அடையாளமாக வரவேற்றதில் வியப்பில்லை. இன்று மருத்துவர் 'குரக்கன் உண்ணுங்கள்' எனும்போது மூத்த தலைமுறையினர் சிலரது முகத்தில் தோன்றும் வெறுப்பிற்கு இவ்வரலாறும் ஒரு காரணம் என்பது நமது கருத்து.

1983இன் வன்செயல்கள் வெள்ளவத்தைத் தமிழரின் வீடுகளையும் கடைகளையும் அழித்தன. 1990இல் யாழ்ப்பாணத்துக்கான புகையிரத சேவை நின்றது. 2014 ஒக்டோபரிலேயே அது மீண்டும் யாழ்ப்பாணத்தை அடைந்தது. இடைப்பட்ட 24 ஆண்டுகளில், போரினால் இடம்பெயர்ந்தோர் வெள்ளவத்தையின் மாடிக் குடியிருப்புகளிலும் விடுதி அறைகளிலும் தஞ்சம் புகுந்தனர். ஊரும் வளவும் எட்டாதனவாயின. நடமாடவும் அஞ்சிய அக்காலத்தில், அறையினுள் அடைந்து பாணையும் மாவுணவையும் உண்டு வாழ்ந்த ஒரு தலைமுறை உருவாயிற்று.

ஆய்வுகூடம் கூறியவை

கொழும்பின் நவீன மருத்துவர்கள் உள்ளூர் உணவைப் புறக்கணித்தனர் எனக் கூறுதல் பொருந்தாது. கொழும்பில் இயங்கிய பாக்டீரியவியல் நிறுவனத்தின் தலைவராயிருந்த லூசியஸ் நிக்கல்ஸ் 1930களில் இந்நாட்டு ஏழை மக்களின் ஊட்டக் குறைபாடுகளை ஆராய்ந்து, 1938இல் வெப்பவலய நாடுகளின் உணவு பற்றி விரிவானதொரு நூலை வெளியிட்டார்.

நீரிழிவைப் பொறுத்தவரை, கொழும்பு மருத்துவ பீடத்தின் உயிர் இரசாயனத் துறையைச் சேர்ந்த கருணாநாயக்க, வெலிஹிந்த முதலியோர் 1980களில் இந்நாட்டு மூலிகைகளை முறைப்படி சோதித்தனர். அவர்கள் 1986இல் வெளியிட்ட ஆய்வொன்றின்படி, பாகற்காய்ச் சாற்றை அருந்திய நீரிழிவு நோயாளருள் 73 சதவீதத்தினரிடத்தே சீனியைத் தாங்கும் ஆற்றல் மேம்பட்டது. எஞ்சிய 27 சதவீதத்தினரிடத்தே பயன் காணப்படவில்லை. 2005இல் வெளியான மற்றோர் ஆய்வு, 'கொத்தல ஹிம்புட்டு' எனச் சிங்களத்தில் வழங்கும் கொடி சேர்ந்த மூலிகைத் தேநீரை 51 நோயாளர்க்குக் கொடுத்து, குருதியிற் சீனியின் நீண்டகால அளவு குறைந்தமையைக் காட்டியது. 2011இல் வெளியான ஆய்வில், நலமுள்ள 61 தன்னார்வலர்களை ஈடுபடுத்தி, 20 கிராம் கோவையிலையைத் தேங்காய்ப்பூவும் உப்பும் சேர்த்து உணவோடு வழங்கி, உணவின் பின் குருதிச் சீனி உயர்வது குறைவதைக் கண்டனர். நம் வீட்டுப் பெண்கள் வறை செய்யும் பாங்கிலேயே அந்த இலை ஆய்வுக்குட்பட்டது என்பது கவனத்திற்குரியது.

இவ்வாய்வுகளை மிகைப்படுத்துதல் தவறாகும். பங்குபற்றினோர் தொகை சிறியது, காலமும் குறுகியது. பாகற்காய் எல்லார்க்கும் பயன் தரவில்லை என்பதை அவ்வாய்வே கூறுகின்றது. மாத்திரையையும் இன்சுலினையும் கைவிட்டு இலையை மட்டும் நம்பியோர் ஆபத்துக்குள்ளாவர். இவற்றை மாத்திரையோடு சேர்த்து மிகுதியாக உட்கொள்ளின் குருதிச் சீனி அளவு கடந்து தாழவுங் கூடும். சிறுநீரகம் பழுதுற்றோர் பொற்றாசியம் மிகுந்த கீரைகளையும் பழங்களையும் குறைக்க வேண்டியவராவர். நீரிழிவுக்கு நல்லதெனக் கேள்வியுற்றுத் தமரத்தம் பழச்சாற்றை மிகுதியாக அருந்திச் சிறுநீரகம் செயலிழந்தோரை இலங்கை மருத்துவர்கள் பதிவு செய்துள்ளனர். குரக்கனும் மாப்பொருள் மிகுந்த தானியமே, அளவின்றி உண்ணத்தக்கதன்று. உணவை மருந்தெனக் கொள்ளின், அதற்கும் அளவும் விலக்கும் ஆளறிந்து கொடுத்தலும் வேண்டும். பழைய வைத்தியர் பத்தியத்தை ஊருக்கெல்லாம் பொதுவாகச் சொல்லாது நாடி பார்த்து ஒவ்வொருவர்க்கும் தனித்தனியே சொன்னதன் பொருள் இதுவே.

நோயின் பரப்பு

இவ்வினா இன்று அவசரமானதாவதன் காரணத்தைச் சில எண்கள் உணர்த்தும். 2005, 2006ஆம் ஆண்டுகளில் நாடளாவிய நிலையில் நடத்தப்பட்ட ஆய்வின்படி, 20 வயதுக்கு மேற்பட்டோருள் 10.3 சதவீதத்தினர் நீரிழிவு உடையோர். கிராமங்களில் 8.7 சதவீதமாயிருந்த இத்தொகை நகரங்களில் 16.4 சதவீதமாயிருந்தது. 2019இல் வெளியான கொழும்பு நகர ஆய்வு இதனை 27.6 சதவீதமெனக் கண்டது. அஃதாவது, நகரத்தில் வளர்ந்தோர் நால்வரில் ஒருவர்க்கு மேல் சலரோகம் உண்டு. இலங்கையின் மரணங்களுள் 83 சதவீதம் தொற்றா நோய்களால் விளைவன என உலக சுகாதார நிறுவனம் 2018இல் மதிப்பிட்டது.

அரசு வாளாவிருக்கவில்லை. 2011 முதல் சுகாதார அமைச்சு நாடெங்கும் ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்களை அமைத்துக் குருதிச் சீனியையும் அமுக்கத்தையும் பரிசோதிக்கின்றது; உணவு பற்றி அறிவுரையும் வழங்குகின்றது. 2016 முதல் இனிப்புப் பானங்களில் சீனியின் அளவைக் காட்டும் நிறக் குறியீடு கட்டாயமாக்கப்பட்டது. கமத்தொழில் திணைக்களம் 'ஹெல போஜுன்' என்னும் உணவகங்களை நிறுவி, கோதுமை மாவைத் தவிர்த்து உள்ளூர்த் தானியங்களாலும் இலைகளாலும் ஆன உணவுகளைப் பெண்களைக்கொண்டு தயாரித்து விற்க வழி செய்தது. வடக்கில் இவ்வகை உணவகங்கள் 'அம்மாச்சி' என்னும் இனிய பெயரோடு விளங்குகின்றன. குரக்கன் பிட்டும் இலைக்கஞ்சியும் மலிவான விலையில் அங்கு விற்பனையாவதும், வாங்குவோர் வரிசையில் நிற்பதும், உள்நாட்டு உணவை மக்கள் வெறுக்கின்றனர் என்னும் எண்ணத்தை மறுப்பன. கைக்கெட்டும் விலையில், உண்ணத்தக்க சுவையில் கிடைப்பின் மக்கள் உண்பர்.

ஆயினும், மருத்துவ நிலையத்தின் அறிவுரைக்கும் இவ்வகை உணவகத்துக்கும் இடையே ஒரு பாலம் இல்லை. கொட்டாஞ்சேனையின் நெருக்கமான தோட்டக் குடியிருப்பொன்றில் வாழும் கூலித் தொழிலாளிக்கு, 'கீரையும் மரக்கறியும் உண்ணுங்கள். பாணையும் சீனியையும் குறையுங்கள்' என்னும் அறிவுரை இலவசமாகக் கிடைக்கின்றது. மாத்திரையும் அரச வைத்தியசாலையில் இலவசமாகக் கிடைக்கின்றது. மூன்றாவதாகிய மரக்கறியை மட்டும் அவர் தமது நாட்கூலியிற் சந்தையில் வாங்குதல் வேண்டும். வெள்ளவத்தையின் நடுத்தர வகுப்பினர்க்கு இது பெருந்தடையன்று. ஒரே நோய், ஒரே அறிவுரை. ஆயின் அதனை நிறைவேற்றும் ஆற்றல் வருவாய்க்கேற்ப வேறுபடுகின்றது.

எழுதியதை நிறைவேற்றுபவர் யார்?

இத்தடையை வேறு நாட்டினர் எவ்வாறு எதிர்கொண்டனர் என்பதை நோக்குதல் நலம். 1940இல் தென்னாபிரிக்காவின் நேற்றால் மாகாணத்துப் பொலெலா என்னும் கிராமத்தில் சிட்னி கார்க், எமிலி கார்க் என்னும் மருத்துவத் தம்பதியினர் ஒரு சுகாதார நிலையத்தை அமைத்தனர். ஊட்டமின்மையே அம்மக்களின் அடிப்படை நோய் எனக் கண்ட அவர்கள், மருந்து கொடுப்பதோடு நில்லாது வீடுகள்தோறும் மரக்கறித் தோட்டங்களை உருவாக்கினர். அங்கு 1957இல் மாணவராகச் சென்று பயின்ற ஜாக் கைகர் என்னும் அமெரிக்கர், 1960களின் பிற்பகுதியில் மிசிசிப்பி மாநிலத்து மவுண்ட் பேயூவில் வறிய கறுப்பின மக்களுக்கென ஒரு நிலையத்தை நடத்தினார். பட்டினியால் வாடிய குழந்தைகளுக்கு அந்நிலைய மருத்துவர்கள் உணவையே மருந்துச் சீட்டில் எழுதினர். ஊர்க் கடைகள் அவ்வுணவை வழங்கின; நிலையத்தின் மருந்துச் செலவிலிருந்து அதற்குரிய பணம் கொடுக்கப்பட்டது. மருந்துப் பணத்தில் உணவு வாங்கியதேன் என அதிகாரிகள் வினவியபோது, ஊட்டமின்மைக்கு மருத்துவ நூல்கள் விதிக்கும் மருந்து உணவே என அவர் விடையிறுத்தார். அதனோடமையாது அம்மக்களே கூட்டுறவுப் பண்ணையொன்றை அமைத்துத் தமக்கு வேண்டிய மரக்கறியை விளைவித்தனர். அமெரிக்க அரசு 2018ஆம் ஆண்டின் விவசாயச் சட்டத்தின் மூலம் மரக்கறி, பழங்களை மருத்துவர் எழுதிக் கொடுக்கும் திட்டங்களுக்கு நிதியுதவியை உறுதிசெய்தது.

இம்முயற்சிகள் யாவற்றிலும் உணவை எழுதிக் கொடுத்தவரே அது கிடைப்பதற்கும் வழி செய்தமையைக் காணலாம். நான்காம் உறுப்பை அவர்கள் மருத்துவத்தின் பகுதியாகவே கொண்டனர்.

இலங்கைக்கு இது அந்நியமானதன்று. 1973 முதல் இந்நாட்டுத் தாய் சேய் நலச் சிகிச்சை நிலையங்களிற் கருவுற்ற தாய்மார்க்கும் எடை குறைந்த குழந்தைகளுக்கும் 'திரிபோஷ' வழங்கப்பட்டு வருகின்றது. சோளமும் சோயா அவரையும் சேர்ந்த இம்மாவுணவின் மூலப்பொருள்களை உள்நாட்டு விவசாயிகளிடமிருந்தே பெற முயன்றனர். சிகிச்சை நிலையத்தில் நிறுத்துப் பார்த்து, குறைபாட்டைக் கண்டு, அட்டையிற் குறித்து, உள்நாட்டில் விளைந்த உணவைப் பொதியாகக் கையிற் கொடுக்கும் இம்முறை, பெயரளவில் இல்லாவிடினும் செயலளவில் உணவைச் சீட்டெழுதிக் கொடுக்கும் முறையேயாகும். அன்றியும், 1979இற் கூப்பனுக்குப் பதிலாக உணவு முத்திரைகள் வழங்கப்பட்டன. 1995 முதல் சமுர்த்தியும் 2023 முதல் அஸ்வெசுமவும் வறிய குடும்பங்களுக்கு உதவி வழங்கி வந்துள்ளன. வறியோரை இனங்காணவும், உணவைக் குறிப்பிட்ட கைகளிற் சேர்ப்பிக்கவும் இவ்வரசுக்கு அரை நூற்றாண்டு அனுபவம் உண்டு. ஊட்டக் குறைவுக்குக் கைக்கொண்ட வழியை நாட்பட்ட நோய்க்குக் கைக்கொள்ளாமையே குறை.

வழங்கல் எளிதில் முறியக்கூடியது என்பதையும் அண்மை வரலாறு காட்டிற்று. 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டது. அவ்வாண்டு முடியுமுன் தடை நீக்கப்பட்டதாயினும் விளைச்சல் வீழ்ந்தது. அதனையடுத்த பொருளாதார நெருக்கடியில், 2022 செப்ரெம்பரிற் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பொருள்களின் விலை ஓராண்டில் 94.9 சதவீதம் உயர்ந்தது. தகுந்த சோளம் கிடையாமையால் குழந்தைகளுக்கான திரிபோஷவும் தடைப்பட்டது. அவ்வாண்டு யூன் மாதத்தில், வீட்டுத்தோட்டம் செய்வதற்கென அரச ஊழியர்க்கு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை வழங்கப்பட்டது. வளவுள்ளோர்க்கு அது நல்லதோர் ஏற்பாடே. வெள்ளவத்தையின் மாடிவீட்டாருக்கும் கொட்டாஞ்சேனையின் ஒற்றை அறைக் குடும்பத்துக்கும் விடுமுறை கிடைத்தது, மண் கிடைக்கவில்லை.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்துச் சில முடிவுகளுக்கு வரலாம். முதலாவது, உணவை மருந்தாக விதித்தல் நம் மரபுக்கு இயல்பானது. நவீன ஆய்வும் அதன் சில கூறுகளை அளவோடு உறுதிப்படுத்துகின்றது. இரண்டாவது, அம்மரபின் வெற்றி வைத்தியரின் அறிவில் மட்டும் தங்கியிருக்கவில்லை; வளவு என்னும் நிலைக்களமும் அதற்கு வேண்டியிருந்தது. மூன்றாவது, நகர வாழ்வும் போரும் இறக்குமதி உணவும் அந்நிலைக்களத்தை அகற்றின. அதனை ஈடுசெய்யும் பொது ஏற்பாடு எதுவும் எழவில்லை. இந்நிலையில் பத்தியத்தை மட்டும் போதித்தல், நோயாளியின் வறுமையை அவரது ஒழுக்கக் குறைவாகக் காட்டும் தீங்கையே விளைவிக்கும்.

செய்யத்தக்கது கடினமன்று. ஆரோக்கிய வாழ்க்கை நிலையத்திலும் மாநகர சபையின் ஆயுர்வேத மருந்தகத்திலும் நீரிழிவு உடையோரெனக் காணப்படும் வறியோர்க்கு, மாத்திரைச் சீட்டோடு மரக்கறிச் சீட்டும் வழங்கலாம். கொட்டாஞ்சேனைச் சந்தையிலும் வெள்ளவத்தைச் சந்தையிலும் அதனை ஏற்கும் கடைகளைக் குறிக்கலாம். அக்கடைகளுக்கு வேண்டிய கீரையையும் மரக்கறியையும் சிறு விவசாயிகளின் சங்கங்களிலிருந்து நேரே பெறலாம். 'அம்மாச்சி' போன்ற உணவகமொன்று கொட்டாஞ்சேனையில் அமையின், சமைக்க இடமில்லாதோர்க்கும் அது பயன்படும். எவர்க்கு எது, எவ்வளவு என்பதை மருத்துவரே தீர்மானித்து, குருதிச் சீனியைக் காலந்தோறும் அளந்து பதிவு செய்யின், பயன் உண்டா இல்லையா என்பது சில ஆண்டுகளிற் புலப்படும். பல்கலைக்கழகத்துச் சித்த மருத்துவ மாணவரும் நவீன மருத்துவ மாணவரும் கூடிச் செய்வதற்குரிய ஆய்வு இது.

நம் முன்னோர் மருத்துவத்துக்கு வகுத்த உறுப்புகள் நான்கு. கொழும்பில் இன்று நோயாளியும் உளர், மருத்துவரும் உளர், மருந்தும் உளது. நான்காவதை மாநகர சபையும் அரசும் சமூக நிறுவனங்களும் ஏற்று நடத்துமாறு செய்வதே இத்தலைமுறையினர்முன் உள்ள பணி.